அந்திக்கடல் படம் ஒன்றைப் பிரித்துக் கோத்த கதை

நண்பர் ஒருவர் இரண்டு கோப்புகளை அனுப்பியிருந்தார். ஒன்று அவர் திருத்தி முடித்த ஜேபெக். மற்றொன்று கேமராவிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும் ரா கோப்பு. "பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள். எனக்குத்தான் எதுவோ உறுத்துகிறது. என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூடவே ஒரு குறிப்பு. பாராட்டுக்கு மயங்காமல் உறுத்தலை மதித்தாரே என்று மகிழ்ந்தேன். படத்தைத் திறந்ததும் அவர் உறுத்தலின் காரணம் புரிந்தது. எடுத்ததில் குறை கொஞ்சம்தான், திருத்தியதில்தான் அதிகம்.

படம் இதுதான்: பாறைக்கரை. சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலே, மேகத்தின் கிழிசல் வழியாகத் தெரிகிறது. மேலே உயர்ந்து கிடக்கும் மேகங்களின் அடிவயிறு முழுக்கச் சிவப்பு. இடப்பக்கம் பெரிய கரும்பாறை. வலப்பக்கம் கடலுக்குள் நீண்டு, சூரியனை நோக்கி மெலிந்துகொண்டே போகும் குன்று. ஃபுல் ஃப்ரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (சென்சாரின் உணர்திறன்), அரை வினாடி. வெளிச்சத்தைக் குறைக்க மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டிருக்கிறார் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும் ஒரு படி). அந்த அரை வினாடிதான் படத்தின் உயிர். கரையேறித் திரும்பும் அலை, நுரையை வெள்ளை இழைகளாக இழுத்துக்கொண்டு படத்தின் நடுவை நோக்கி ஓடுகிறது. நாலைந்து வினாடி திறந்திருந்தால் இழைகள் கரைந்து மழமழவென்று ஆகியிருக்கும். நூறில் ஒரு வினாடியில் வெறும் தெறிப்பாக நின்றிருக்கும். திரும்பும் அலைக்கு அரை வினாடி சரியான அளவு.

எந்தப் படத்தையும் நான் முதலில் தபால்தலை அளவுக்குச் சுருக்கித்தான் பார்ப்பேன். அந்த அளவில் விவரங்கள் மறைந்து, கண் எங்கே போகிறது என்பது மட்டும் தெரியும். நண்பரின் ஜேபெக்கில் கண் நேராக இடப்பக்கப் பாறைக்குப் போனது. சூரியனுக்குப் போகவில்லை. சூரியனையும் எரியும் வானத்தையும் வைத்துக்கொண்டு, பாறைதான் முதலில் தெரிகிறது என்றால் எங்கோ கணக்கு தப்பியிருக்கிறது.

அடுத்து நிறத்தை முழுவதுமாக உருவிவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்த்தேன். குட்டு வெளிப்பட்டது. வானம், கடல், பாறை மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல். ஆரஞ்சையும் நீலத்தையும் எடுத்துவிட்டால் அங்கே அந்தியே இல்லை. மேகமூட்டமான ஒரு மதியம் இருந்தது. நிழலை எல்லாம் தூக்கி, வெளிச்சத்தை எல்லாம் இறக்கி, இடையில் இருந்த பள்ளத்தை நிரப்பிவிட்டு, அதனால் போன வேகத்தை நிறத்தை ஏற்றிச் சரிக்கட்டப் பார்த்திருக்கிறார். அந்திப் படத்தில் பரபரப்பைத் தருவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள தூரம். நிறம் அதன் மேல் ஏறி உட்காருவது.

ஆகவே திருத்தத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். எந்த ஸ்லைடரைத் தொட்டாலும், இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அது பதில் சொல்ல வேண்டும். இந்தக் காட்சியில் விளக்குகள் இரண்டுதான்: எதிரே இருக்கும் சூரியன், தலைக்கு மேலே இருக்கும் வானம். மூன்றாவது விளக்கு தெரிந்தால் அது நாம் ஏற்றியது.

வேலை லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில். டார்க்டேபிளோ ராதெரபியோ வைத்திருப்பவர்களுக்கும் செய்முறை இதேதான். பொத்தான்களின் பெயர்தான் மாறும். முதலில் வடிவம். அடிவானம் இடப்புறம் சரிந்திருந்தது. அளந்தால் 0.9 பாகை. கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் இது ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 94 பிக்சல் வித்தியாசம். கடல் ஒரு பக்கமாக வடிந்து கொட்டுவது போன்ற உணர்வைத் தர அது போதும். இன்னொன்றும் இருந்தது: கோடு நடுவில் லேசாக மேலே வளைந்திருந்தது. அகலக்கோண லென்ஸின் பீப்பாய் வளைவு, அடிவானம் படத்தின் நடுவை விட்டு மேலே இருக்கும்போது இப்படித்தான் காட்டும். அதனால் லென்ஸ் புரொஃபைலை முதலில் போட்டு வளைவை எடுத்துவிட்டு, பிறகுதான் சரிவை நிமிர்த்த வேண்டும். வளைந்த கோட்டை நிமிர்த்தினால் எந்தப் பகுதியை நம்புவது? நிமிர்த்தும்போது கரையோரக் கோட்டையோ மேகப் பட்டையையோ அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. அவை உண்மையிலேயே சாய்வாக இருக்கக்கூடியவை. கடல் வானத்தைத் தொடும் கோடு ஒன்றுதான் நம்பகமானது.

கூர்மையைப் பார்த்தேன். நண்பர் அடிவானத்திலேயே ஃபோகஸ் வைத்திருக்கிறார். காலடியில் கிடக்கும் கூழாங்கற்கள் சற்று மென்மை. 24 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்து, ஏறக்குறைய 1.8 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்திருந்தால் 0.9 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஏற்றுக்கொள்ளத்தக்க கூர்மையில் வந்திருக்கும். இதை மேசையில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. நல்லவேளையாக அந்தக் கற்கள் இருட்டில்தான் இருக்கப்போகின்றன.

இப்போது வானம். நண்பரின் ஜேபெக்கில் சூரியனைச் சுற்றி அழுத்தமான மஞ்சள் திட்டு ஒன்று, கோடு போட்டது போன்ற விளிம்போடு. பல அந்திப் படங்களில் இதைப் பார்க்கலாம். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப் போல ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய்விட, மிஞ்சுவது பெரும்பாலும் சிவப்பு. படத்தின் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களின் அளவுகளால் ஆனது. ஜேபெக்கில் அந்தச் சிவப்புச் சேனல் 255 என்ற உச்சியைத் தொட்டு நின்றுவிடுகிறது. பச்சைச் சேனல் மட்டும் மேலும் ஏறிக்கொண்டே இருக்கிறது. சிவப்பு நிற்க, பச்சை கூடினால் ஆரஞ்சு மஞ்சளாகும். வானத்தில் அப்படியொரு மஞ்சள் திட்டு இருந்ததே இல்லை. சேனல் நிரம்பி வழிந்ததன் தழும்பு அது. இதில் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அழுத்தத்தை, ஏற்றினால் தழும்பு இன்னும் பெரிதாகும். அவர் ஏற்றியிருந்தார்.

ரா கோப்பில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு சேனலுக்கும் 16,384 படிகள். அவற்றில் பாதி, அதாவது 8,192 படிகள், மிகப் பிரகாசமான அந்த ஒரு ஸ்டாப்புக்குள்ளேயே இருக்கின்றன. அதனால்தான் பிரகாசமான பகுதியிலிருந்து விவரத்தை மீட்பது எளிது, இருட்டைத் தோண்டினால் மணல் மணலாக இரைச்சல் வருகிறது. எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சத்தை) −0.3, ஹைலைட்டை (பிரகாசமான பகுதிகளை) −65 என்று இறக்கியதும் மஞ்சள் திட்டு உள்வாங்கி, அதன் இடத்தில் ஆரஞ்சு மெல்ல மெல்ல வெளிறும் படிக்கட்டு வந்தது. எஞ்சியது சூரிய வட்டமும் அதை ஒட்டிய மெல்லிய வளையமும். அவற்றை வெள்ளையாகவே விட்டுவிட்டேன். 24 மி.மீ. லென்ஸில் சூரியனின் உருவம் சென்சாரில் 0.22 மி.மீ. அகலம், இந்தப் படத்தில் சுமார் 37 பிக்சல். அதற்குள் விவரம் தேடி யாரும் அலையப்போவதில்லை. அந்த வட்டத்தையும் விடாமல் இறக்கிச் சாம்பல் பொட்டு ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. சாம்பல் சூரியனைவிட அசிங்கமான ஒன்றை அந்திப் படத்தில் நான் பார்த்ததில்லை.

ஒயிட் பேலன்ஸ் (படத்தின் செம்மை, நீலச் சாயலைச் சமன்செய்வது) விஷயத்தில் கேமராவின் ஆட்டோ, தன் வழக்கப்படி, அந்தியின் செம்மையைக் குறையாக எண்ணித் துடைத்திருந்தது. அதை ஈடுகட்ட நண்பர் 8000 கெல்வினுக்குத் தள்ளிவிட்டார் (இந்த ஸ்லைடரில் எண் ஏற ஏறச் செம்மை கூடும்). படம் முழுக்க ஒரே ஆரஞ்சு, நுரை உட்பட. எவ்வளவு வைப்பது என்பதற்கு நான் நுரையைத்தான் கேட்பேன். இந்தப் படத்தில் நுரை இரண்டு இடங்களில் இருக்கிறது. சூரியனின் பாதையில் ஓடும் நுரைக்கு நேரடி வெளிச்சம் கிடைக்கிறது. அது செம்மையாக இருக்க வேண்டும். பாறையின் இந்தப் பக்கத்தில், நிழலில் தேங்கி நிற்கும் நுரைக்குத் தலைக்கு மேலே இருக்கும் வானம் மட்டும்தான் விளக்கு. அது நீலம் தோய்ந்து இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வேறு வேறாகத் தெரியும் இடத்தில் ஸ்லைடரை நிறுத்தினேன். 5500 கெல்வினை ஒட்டி நின்றது. நிழல் நுரையில் ஊதா கலந்த நீலம் திரும்பி வந்ததும், அதன் பக்கத்தில் செம்மை தானாகவே சூடேறியது. சாச்சுரேஷனைத் தொடாமலே.

வானத்தின் மேற்பகுதிக்கு ஒரு கிரேடியன்ட் மாஸ்க் (மாஸ்க் என்பது திருத்தத்தைப் படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் ஒதுக்குவது), −0.7 ஸ்டாப், உச்சியிலிருந்து அடிவானத்தை நோக்கி மங்கிக்கொண்டே வரும்படி. இங்கே எல்லாரும் இடறும் கல் ஒன்று உண்டு. வலப்பக்கக் குன்றும் இடப்பக்கப் பாறையின் தலையும் அடிவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கிரேடியன்ட் அவற்றையும் சேர்த்து இருட்டாக்கும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி கிராஜுவேட்டட் ஃபில்டரிலும் இதே தொல்லைதான். மென்பொருளில் பாறைகளை மாஸ்க்கிலிருந்து கழித்துவிடலாம். கழித்ததும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பாறை வானத்தைத் தொடும் விளிம்பு முழுவதையும் கண்ணால் தடவிப் பார்க்க வேண்டும். தானாகவே வானத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி, கரடுமுரடான விளிம்புகளில் இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு வெளிச்சக் கோட்டை விட்டுவிடும். நண்பரின் ஜேபெக்கில் குன்றின் முதுகு நெடுக அப்படியொரு வெள்ளைக் கோடு. கிளாரிட்டியும் (நடு வெளிச்சங்களின் வேறுபாட்டைக் கூட்டும் ஸ்லைடர்) நிழல் தூக்கலும் சேர்ந்து அதைத் தடிமனாக்கியிருந்தன. பார்க்கிறவருக்கு அது என்னவென்று சொல்லத் தெரியாது. ஆனால் வெட்டி ஒட்டியது போல் இருக்கிறதே என்று தோன்றும். உறுத்தலில் பாதி அதுதான் என்பது என் எண்ணம்.

காற்றின் மங்கலைத் துடைக்கும் டீஹேஸை அவர் +40 வைத்திருந்தார். வானம் கிர்ரென்று ஏறியது உண்மை. ஆனால் தொலைவில் இருக்கும் குன்றின் முனை பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. தூரம் போகப் போகக் காற்றின் மங்கல் கூடுவதைப் பார்த்துத்தான் கண் தூரத்தையே அளக்கிறது. அந்த மங்கலைத் துடைத்தால் ஆழம் போய்விடும். நான் பொதுவாக டீஹேஸைத் தொடவில்லை. சூரியனைச் சுற்றி மட்டும் பெரிய வட்ட மாஸ்க் ஒன்று, ஓரம் நன்றாக மங்கும்படி. அதில் எக்ஸ்போஷர் +0.25, டீஹேஸ் −10. அந்த இடத்தில்தான் காற்றில் ஒளி சிதறி நிற்கிறது. குன்றின் முனை அந்த வட்டத்துக்குள் மெல்லக் கரைந்து பின்னுக்குப் போனது.

கடலுக்கு வருகிறேன். திருத்துகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கடல் தன் வெளிச்சத்தை வானத்திடம் கடன் வாங்குகிறது. கடன் வாங்கியது முழுதாகக் கைக்கு வருவதில்லை. சூரியனின் பளபளப்பு விழும் பாதையை விட்டுவிட்டுப் பார்த்தால், நீர் தான் பிரதிபலிக்கும் வானத்தைவிட இருட்டாகத்தான் இருக்கும். நண்பரின் படத்தில் வலப்பக்கக் கடல், அதற்கு நேர் மேலே இருக்கும் வானத்தைவிட வெளிச்சம். அடியில் விளக்கு எரிகிறதா என்ன?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நீரை நேர்க் கீழாகப் பார்த்தால் அது சுமார் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய பிரதிபலிப்பு ஏறிக்கொண்டே போய், மட்டமான கோணத்தில் ஏறக்குறைய முழுவதையும் திருப்பிவிடும். அதனால்தான் காலடி நீரில் கற்கள் தெரிகின்றன, தொலைவு நீரில் வானம் தெரிகிறது. இதைத் தெரிந்துகொண்டால், படத்தின் அடியிலிருந்து மேலே போகும் −0.5 கிரேடியன்ட் ஒன்றைக் கூச்சமில்லாமல் போடலாம். நீரின் இயல்பே அந்தப் பக்கம்தான் சாய்கிறது என்பதால் அது ஒட்டவைத்த வினியெட்டாக, அதாவது செயற்கையான ஓர இருட்டாக, தெரியாது.

பளபளப்புப் பாதைக்கு மட்டும் கைவேலை. பிரஷ்ஷின் ஃப்ளோ (ஒரு தடவலில் விழும் திருத்தத்தின் அளவு) 10 சதவீதம். பிரகாசமான பகுதிகளை மட்டுமே தொடும்படி லூமினன்ஸ் (வெளிச்ச அளவு) வரம்பு. ஒவ்வொரு சிற்றலையின் முகட்டிலும் சூரியன் ஒரு கீற்று வைத்திருக்கிறது. அந்தக் கீற்று ஏற வேண்டும், அலைகளுக்கு இடையிலான பள்ளம் ஏறக் கூடாது. பள்ளமும் சேர்ந்து ஏறினால் பாதை முழுக்க மாவு பூசியது போல் ஆகிவிடும். திரும்பும் அலையின் வெள்ளை இழைகளையும் இதே பிரஷ்ஷால், சூரியனை நோக்கிப் போகப் போகச் சற்றே ஏற்றினேன். தபால்தலை அளவில் மறுபடி பார்த்தபோது கண் இழையைப் பிடித்துக்கொண்டு சூரியனிடம் போய்ச் சேர்ந்தது.

இடப்பக்கப் பாறை. அவர் நிழலை +85 தூக்கியிருந்தார். பாறையின் ஒவ்வொரு சொறியும் தெரிந்தது, டார்ச் அடித்துப் பார்த்தது போல. நான் +15-இல் நிறுத்திவிட்டேன். அதற்காகப் பாறை வெறும் கரித்துண்டாக இருக்க வேண்டியதில்லை. ஈரப் பாறை கண்ணாடியின் தங்கை. வானத்தை நோக்கித் திரும்பியிருக்கும் ஈர விளிம்புகளில் வானம் தெரியும். அந்த விளிம்புகளை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு ஏற்றினால், பாறையின் வடிவம் இருட்டிலிருந்து எழுந்து வரும். மேல் முகத்தில் நீலச் சாயலோடு நாலைந்து கோடுகள், சூரியன் பக்கத் தோளில் ஆரஞ்சுக் கீற்று ஒன்று. உடம்பு முழுதும் இருட்டு. பாறை கனமாக உட்கார்ந்தது.

நிறத்துக்குச் செய்தது கொஞ்சம்தான். ஆரஞ்சின் சாச்சுரேஷன் −12, மஞ்சளின் ஹியூவை (நிறச் சாயலை) ஆரஞ்சுப் பக்கம் லேசாகத் தள்ளினேன், மங்கிய நிறங்களை மட்டும் அதிகம் ஏற்றும் வைப்ரன்ஸ் +10. மேகத்தின் மடிப்புகளில் ஊதா ஒளிந்திருந்தது. பொது ஆரஞ்சு விலகியதும் அதுவாகவே வெளியே வந்தது. எஃப் 11-இல் சென்சார் தூசி வானத்தில் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். கறைகளைக் காட்டும் வசதியைப் போட்டு அவற்றைத் துடைத்தேன்.

இதற்கிடையில் நண்பர் கேட்டார்: "மேல் மூலையில் மேகம் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறதே, வேறு வானம் ஒட்டிவிடலாமா?" ஒட்டுவது ஒன்றும் புதிய பாவமில்லை. 1850-களில் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்துச் சேர்த்து அச்சிட்டார். அக்காலத்தில் படம் பதிய உதவிய கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளிதான் அதிகம் உறைக்கும். கடல் பதிவதற்குள் வானம் வெளுத்துப்போகும். ஒரே வானத்தை வேறு வேறு கடல்களுக்கு அவர் பயன்படுத்தியதும் உண்டு. அவருக்குக் கட்டாயம் இருந்தது, நமக்கு இல்லை. தவிர, இந்தக் கடல் காட்டிக்கொடுத்துவிடும். பளபளப்புப் பாதை எப்போதும் சூரியனுக்கு நேர் கீழேதான் விழும். நீரின் ஒவ்வொரு சுருக்கத்திலும் இந்த வானத்தின் நிறம்தான் இருக்கிறது. புது வானத்தை வைத்தால் கடலையும் புதிதாகத் தீட்ட வேண்டும். வேண்டாம் என்றேன், ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொள்ளாதது வேறொன்று. இடது ஓரத்தில் சிறு பாறை ஒன்று பாதியில் வெட்டுப்பட்டு, வெளிச்சமாக நிற்கிறது. ஓரத்தில் வெளிச்சம் இருந்தால் கண் அந்த வழியாக வெளியேறிவிடும். க்ராப் செய்து நீக்கலாம் என்றேன். அப்படிச் செய்தால் அலை இழை தொடங்கும் இடமும் போய்விடும் என்று அவர் மறுத்தார். அதில் நியாயம் இருந்தது. குளோன் செய்து, அதாவது பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மேலே பூசி, அழிக்க எனக்கு மனமில்லை. போட்டிக்கு அனுப்புவதானால் பல இடங்களில் அதற்கு அனுமதியும் இல்லை. கடைசியில் அந்தப் பாறையை −0.6 இருட்டாக்கி வைத்தோம்.

கறுப்பு வெள்ளைச் சோதனையை மீண்டும் செய்தேன். பாறை கறுப்பு, காலடி நீர் அடர்சாம்பல், தொலைவு நீர் நடுச்சாம்பல், அடிவானத்தில் வெளிச்சம், அதற்கு மேலே மறுபடி இருட்டு. நிறமே இல்லாமல் அந்தி தெரிந்தது.

கோப்பை வெளியே எடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லைட்ரூம் உள்ளுக்குள் அகன்ற நிறவெளியில் வேலை செய்கிறது. இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிறவெளிக்கு மாற்றும்போது, அதற்குள் அடங்காத செவ்வாரஞ்சு எல்லாம் ஒரே தட்டையான திட்டாகிவிடும். சாஃப்ட் புரூஃபில் (மாற்றிய பின் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டும் வசதியில்) பார்த்து, மேகத்தின் மிக அழுத்தமான இடங்களில் மட்டும் சாச்சுரேஷனைக் குறைத்தேன். குறைத்த பிறகுதான் மேகத்தின் மடிப்பு திரும்பத் தெரிந்தது. ஜேபெக் 8 பிட். சேனலுக்கு 256 படிகள்தான். கிரேடியன்ட் போட்ட மேல் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தது. மிகக் குறைந்த அளவில் கிரெய்ன் (பொடிப்பொடியான புள்ளிகள்) சேர்த்ததும் பட்டைகள் உடைந்துவிட்டன.

அச்சுக்குத் தனிப் பிரதி. மேட் காகிதத்தின் கறுப்பு திரையின் கறுப்பு அளவுக்கு ஆழமாகாது. நிழல் விவரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாவை ஒட்டி இறக்கி வைத்துக்கொண்டு பார்த்து, நிழலைக் கொஞ்சம் திறந்து கொடுத்தேன். பாறை இன்னும் சற்றுத் தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று நண்பர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் படம். பாறையின் ஈர விளிம்புகளுக்கான மாஸ்க்கை மட்டும் +0.2 ஏற்றி அவருக்கு அனுப்பியிருக்கிறேன். என்னிடம் உள்ள பிரதியில் அதைச் செய்யவில்லை.